வினையூக்கியைத் தின்னும் உப்பு

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக வைத்தோம். முதல் பாட்டிலில் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவதில் ஊருணித் தண்ணீர். மூன்றாவதில் மண்டபம் கரையில் மோந்துகொண்டு வந்த கடல்தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு மெத்திலீன் புளூ சாயம், ஒரே அளவு டைட்டானியம் டை ஆக்சைடு. பெயின்டில் வெண்மைக்குச் சேர்க்கிறார்களே, அந்த வகை வெள்ளைப் பொடி. சித்திரை வெயில். அந்தப் பொடி வெயிலில் சாயத்தை உடைக்கிறதா என்று பார்ப்பதுதான் முதுகலை வேதியியல் படிக்கும் என் அக்கா மகளுக்கு ப்ராஜெக்ட். நான் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். எனவே பாட்டில் குலுக்கும் வேலை எனக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கும்போது முதல் பாட்டில் ஏறக்குறைய வெளுத்துவிட்டது. ஊருணித் தண்ணீர் பாதி நீலம், பாதி கலங்கல். கடல்தண்ணீரில் பொடி முழுக்கத் திரிந்த பாலைப் போலத் திரண்டு அடியில் படிந்து கிடந்தது. மேலே நீலம் அசையவில்லை. “பேப்பர்ல 99 சதவீதம்னு போட்டிருக்கான் மாமா” என்றாள். போட்டிருப்பான்தான். எந்தத் தண்ணீரில் என்று பார்த்தாயா என்று கேட்டேன்.

அழியாத மாசுகளைத் தண்ணீரிலேயே உடைத்துப் போடும் வினையூக்கி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மாதத்துக்கு ஒரு செய்தியாவது வருகிறது. பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பங்கு எங்கள் முதல் பாட்டிலில் நடந்தவை. ராமநாதபுரம் கரையில் முதல் பாட்டில் தண்ணீர் எங்கும் கிடைக்காது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கிணற்றைத் தோண்டினாலும் பாதி ஊர்களில் உவர்தான். இங்கே எந்த வினையூக்கியும் முதலில் உப்போடு மல்லுக்கு நின்றாக வேண்டும்.

அழியாத மாசு என்றால் எது? வெயில், நுண்ணுயிர், காலம் மூன்றுக்கும் அசையாத கரிமச் சேர்மங்கள். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டு ஆகலாம். இவற்றைக் கட்டுப்படுத்த 2001-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கையெழுத்தானது. முதல் பட்டியலில் 12 பெயர்கள். இந்தியா 2006-ல் சேர்ந்தது. பருத்திக்குக் கணக்கில்லாமல் அடித்த எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல்தான் தடை போட்டது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் பருத்தியும் முண்டு மிளகாயும் விளையும் கரிசலில் அடிக்கிற எந்த மருந்தும் ஐப்பசி மழையில் ஓடை வழியாகக் கண்மாய்க்கு வரும். கண்மாய் கலுங்கு பாய்ந்தால் கடைசி ஊர் கடல்தான். டி.டி.டி. போன்ற குளோரின் மாசுகள் தண்ணீரில் கரைய விரும்பாதவை. சேற்றில் ஒட்டும், பாசியில் ஏறும், மீன் கொழுப்பில் தங்கும். சின்ன மீனில் இருந்ததைவிடப் பெரிய மீனில் கூடுதலாக இருக்கும்.

அடுத்த தலைமுறை மாசு, நான்-ஸ்டிக் சட்டியும் தீயணைப்பு நுரையும் கொண்டுவந்த புளோரின் சேர்மங்கள். கார்பனும் புளோரினும் சேர்ந்த பிணைப்பை முறிக்க மோலுக்கு சுமார் 485 கிலோஜூல் வேண்டும். கரிம வேதியியலில் இதைவிட முரட்டுப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்புகளில் அநேகமாகக் கிடையாது. இந்தக் குடும்பத்தின் இரண்டு பெரிய பேர்வழிகளுக்கு அமெரிக்கா 2024-ல் வைத்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதாவது 25 கோடி லிட்டரில் ஒரு கிராம். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி இருபதாயிரம் நிறுத்தி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்.

சரி, வடிகட்டினால் போகாதா? போகும். எங்கே போகும் என்பதுதான் கேள்வி. எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இறங்கினால் இரண்டு மூன்று குடம் வேஸ்ட் டியூப் வழியாக வெளியே போகும். அதை வீணாக்கக் கூடாதென்று கொல்லையில் இருந்த முருங்கைக்குத் திருப்பிவிட்டேன். ஒரே வருஷத்தில் தூரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, இலை பழுத்து, மரம் போய்விட்டது. குழாயில் வந்த உப்பு எங்கேயும் காணாமல் போகவில்லை. இடம் மாறி முருங்கையின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. உப்புக்கு நேர்ந்ததேதான் பூச்சிமருந்துக்கும் நேரும். நரிப்பையூரில் நாளுக்கு 38 லட்சம் லிட்டர் கொள்ளளவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தார்கள். அப்படிப்பட்ட ஆலைகளிலும் சவ்வு தள்ளிவிடுவது கடலுக்கே திரும்பும்.

கரியும் அப்படியே. இந்த மாவட்டத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுக்காத கிராமம் குறைவு. வடிகட்டிக்குள் போவது கொட்டாங்கச்சியில் செய்த ஊக்கப்படுத்திய கரி என்றாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பிடித்து வைத்துக்கொள்வது. பிடித்து நிறைந்த கரியைக் கழற்றிக் குப்பையில் போட்டால் விஷமும் கூடவே குப்பைக்குப் போகிறது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்தால் ஊருணிக் கலங்கல் படியும், அதுவும் படிய வைப்பதுதான். மாசை முறித்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் கொஞ்சம் உப்பாகவும் ஆக்கிக் கணக்கை முடிப்பது வேறு வேலை. வினையூக்கி அங்கேதான் வருகிறது.

இதன் தொடக்கம் புளியில் இருக்கிறது. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்ட்டாரிக் அமிலத்தில் கொஞ்சம் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் அமிலம் சட்டென்று ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று ஹென்றி ஃபென்டன் 1894-ல் எழுதினார். ஏன் என்பதற்கு நாற்பது வருஷம் கழித்து, 1934-ல், ஹேபரும் வெய்ஸும் விடை சொன்னார்கள். இரும்பு பெராக்சைடைப் பிளக்கிறது, ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. ஒரு எலக்ட்ரான் குறைந்த பசியோடு பிறக்கும் துண்டு அது. எதிரே என்ன வந்தாலும் கடிக்கும். நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட உயிரோடு இருக்காது, அதற்குள் வேலை முடிந்துவிடும். இதன் ஆக்சிஜனேற்ற வலிமை சுமார் 2.8 வோல்ட். ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36 என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். இரும்பு திரும்பப் பழைய நிலைக்கு வந்து அடுத்த பெராக்சைடைப் பிளக்கப் போகும். அதனால்தான் அதற்கு வினையூக்கி என்ற பெயர்.

டைட்டானியம் டை ஆக்சைடின் கதை 1972-ல் ஜப்பானில் தொடங்குகிறது. ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளில் செய்த மின்வாயின் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். சில வருஷத்திலேயே இதே பொடி நீரில் உள்ள குளோரின் மாசுகளையும் முறிக்கும் என்று தெரிந்தது. ஒளி இந்தப் பொடியில் எலக்ட்ரான் ஒன்றைத் தட்டி எழுப்புகிறது. அது இருந்த இடத்தில் குழி விழுகிறது. குழி தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க, அதே ஹைட்ராக்சில் பிறக்கிறது. பெராக்சைடு வாங்க வேண்டியதில்லை, வெயில் போதும். எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமா? கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே போட்டார்கள். ஆனால் ஒரு சங்கடம். 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளியைத்தான் இந்தப் பொடி ஏற்றுக்கொள்ளும். நம் தலையைப் பிளக்கும் வெயிலில் புற ஊதா மொத்தமே நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். மீதி வெயில் பாட்டிலைச் சூடாக்கிவிட்டுப் போகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்தும் பொடிகள் வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது கார்பன் நைட்ரைடு. வயலுக்குப் போடும் யூரியாவையே மூடிய பீங்கான் கிண்ணத்தில் 550 டிகிரி சூட்டில் வைத்தால் மஞ்சள் பொடியாக வந்துவிடும். ஒளிவினையூக்கியாக இதைக் காட்டியது 2009-ல். விலை குறைவு, உலோகமும் இல்லை. வேகம் மட்டும் கொஞ்சம் மந்தம்.

இனி உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். நம் குடிநீர்த் தரம் டி.டி.டி.க்கு அனுமதிப்பது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அந்த அளவு டி.டி.டி. கடல்நீரில் கிடப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டி.டி.டி. மூலக்கூறைச் சுற்றி ஏறக்குறைய 20 கோடி குளோரைடு அயனி. பார்த்ததையெல்லாம் கடிக்கும் ஹைட்ராக்சில், 20 கோடிப் பேர் நிற்கும் திருவிழாவில் அந்த ஒருத்தரை எப்படித் தேடிப் பிடிக்கும்?

இதில் பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத ஒரு நுணுக்கம் உண்டு. குளோரைடு ஹைட்ராக்சிலைப் பிடித்தாலும் சாதாரணத் தண்ணீரில் பெரும்பாலும் திருப்பி விட்டுவிடும். அமிலம் இருந்தால்தான் விடாது, குளோரின் அணுவாக மாறிவிடும். கடல்நீரின் பி.எச். சுமார் 8, அதாவது லேசான காரம். எனவே கடலில் ஹைட்ராக்சிலை உண்மையில் தின்று தீர்ப்பது லிட்டருக்கு 67 மில்லிகிராம் அளவே உள்ள புரோமைடு. அளவில் சிறியவன், ஆனால் பிடித்தால் விடமாட்டான். ஃபென்டன் முறைக்கோ பி.எச். 3 பக்கம் இருந்தால்தான் சுகம், அதற்கு மேலே போனால் இரும்பு செம்மண் சேறாகக் கீழே படிந்துவிடும். ஆகவே உப்புத் தண்ணீரை ஃபென்டனுக்காகப் புளிக்க வைத்தால் குளோரைடின் கை ஓங்குகிறது. புளிக்க வைக்காவிட்டால் இரும்பு படிகிறது. இரண்டு பக்கமும் இடி.

நேரம் வீணாவது மட்டும் என்றால் பரவாயில்லை. பிடிபட்ட ஹைட்ராக்சில் விட்டுச்செல்லும் குளோரின், புரோமின் தனி உறுப்புகள் தண்ணீரில் உள்ள வேறு கரிமப் பொருள்களோடு சேர்ந்து புதிய குளோரின் சேர்மங்களைப் பெற்றுப் போடும். டி.டி.டி.யை உடைக்கப் போய் அதன் பங்காளிகளைப் பிறக்க வைத்த கதை. மின்வாய் வைத்துக் கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினே பொங்கும். ஆக்சிஜனேற்றத்தை இன்னும் தள்ளினால் புரோமைடு புரோமேட் ஆகும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

பொடி திரண்டு படிந்ததற்கும் உப்புதான் காரணம். நன்னீரில் ஒவ்வொரு துகளும் தன் மின்னூட்டத்தால் அடுத்ததை எட்டித் தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்பு அயனிகள் நெருங்கிச் சூழ்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். நல்ல மழை வருஷத்தில் வைகையின் உபரித் தண்ணீர் ஆற்றங்கரை கிராமத்துக்கிட்டே கடலைத் தொடும்போது, அதுவரை கலங்கலாக வந்த வண்டல் முகத்துவாரத்தில் பொத்தென்று படிவதும் இதனால்தான். துகள் திரண்டால் மேற்பரப்பு சுருங்கும். மேற்பரப்பு சுருங்கினால் வினையூக்கி பாதி செத்த மாதிரி.

சாயம் வெளுத்தது என்பதையே நான் முழுசாக நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்டுகிற பழைய வித்தை ஒன்று உண்டு. காரம் சேர்த்த குளுக்கோஸ் கரைசலில் மெத்திலீன் புளூ போட்டு மூடி வைத்தால் சிறிது நேரத்தில் நிறமற்றுப் போகும். குலுக்கினால் காற்றுப் பட்டு நீலம் திரும்ப வரும். மூலக்கூறு உடையவே இல்லை, சட்டை மாற்றிக்கொண்டது. எனவே நிறம் போனதை அளந்துவிட்டு மாசு போனது என்று எழுதும் ஆய்வுக் கட்டுரையை நான் ஒரு புருவம் தூக்கித்தான் படிப்பேன். தண்ணீரில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று எழுதியிருந்தால் மரியாதை. மெத்திலீன் புளூ கண்ணுக்குத் தெரிவதால் ஆய்வகங்களுக்குச் செல்லப்பிள்ளை. உண்மையான மாசுகளுக்கு நிறம் கிடையாது.

புளோரின் சேர்மங்களிடம் ஹைட்ராக்சிலின் வீரம் பலிப்பதே இல்லை. அது வழக்கமாக ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் சண்டையைத் தொடங்கும். அந்தக் கார்பன் சங்கிலியில் பிடுங்க ஹைட்ரஜனே இல்லை, முழுக்கப் புளோரின் கவசம். அதனால் வேறு வழிகள் தேடினார்கள். போரான் கலந்த வைர மின்வாய் ஒரு வழி. தண்ணீரை 374 டிகிரிக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய்ப் பொசுக்குவது இன்னொன்று. 2022-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள். கவசத்தைத் தொடாமல் சங்கிலியின் தலைப்பக்கம் உள்ள அமிலத் தொகுதியைக் கழற்றினால், சாதாரணக் காஸ்டிக் சோடாவே சுமார் 100 டிகிரியில் மீதியைப் பிரித்துவிடுகிறது. நல்ல வேதியியல், படித்தபோது கைதட்டத் தோன்றியது. ஆனால் அது நடந்தது தண்ணீரும் கரைப்பானும் கலந்த கலவையில், மாசைச் செறிவாகச் சேர்த்து வைத்துக்கொண்டு. ஊருணியைக் காய்ச்ச முடியாது.

உப்பு கெடுப்பது மட்டும்தானா என்றால் இல்லை. ஒரு இடத்தில் நமக்காக வேலை செய்கிறது. இரும்புத் தூள் துருப்பிடிக்கும்போது எலக்ட்ரானை விடுகிறது. அந்த எலக்ட்ரான் குளோரின் மாசில் உள்ள குளோரினைக் கழற்றும். கனடாவில் போர்டன் என்ற இடத்தில் 1991-ல் நிலத்தடி நீர் ஓடும் பாதையில் இரும்புத் தூள் கலந்த சுவரைப் புதைத்து, கரைப்பான் கலந்த நீர் அதன் வழியே போகும்போதே சுத்தமாவதைக் காட்டினார்கள். நன்னீரில் இரும்பு சீக்கிரம் ஒரு தோல் போர்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். குளோரைடு அந்தத் தோலைக் கிழித்துத் துருவை முடுக்கிக்கொண்டே இருக்கும். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்துக்கு ஆண்டு முழுக்கப் பெயின்ட் அடித்துத் தீராமல், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

இரண்டு குறைகள் உண்டு. இரும்பு இங்கே தானே தீர்ந்துபோகிறது, கண்டிப்பாகச் சொன்னால் அது வினையூக்கி அல்ல. அதோடு டி.டி.டி.யிலிருந்து ஒரு குளோரினைக் கழற்றினால் டி.டி.டி. என்னவோ குறையும், வருவதோ அதைப் போலவே பொல்லாத அதன் தம்பி, இன்னொரு குளோரின் சேர்மம். பாதியில் நின்றுவிட்டால் பெயர் மாறியதைத் தவிர லாபம் குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யில் தலப்பில் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோ துகள்களால் பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியை உருவாக்கி, 2007-ல் அது வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது. அதிலும் குளோரினைப் பிடித்துக்கொள்ளும் வெள்ளி வெள்ளிக் குளோரைடாகத் தீர்ந்துபோகும். குடிக்கிற தண்ணீருக்கு அது போதும். ஒரு ஊரின் சாக்கடைக்கு வெள்ளி கட்டுப்படியாகாது.

உப்பு நீருக்கென்றே இப்போது யோசிக்கும் ஆட்கள் ஹைட்ராக்சிலையே கைவிடுகிறார்கள், அந்தக் கட்சிதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கரியில் நைட்ரஜனைக் கோத்து, அதில் இரும்பு அணுக்களைத் தனித்தனியாக உட்கார வைக்கிறார்கள். பெராக்சைடின் உறவுக்காரச் சேர்மங்களை அதில் விட்டால், எல்லாவற்றையும் கடிக்கும் துண்டுக்குப் பதிலாக ஆள் பார்த்துக் கடிக்கும் ஆக்சிஜன் வடிவமோ, உயர் ஆக்சிஜனேற்ற நிலை இரும்போ கிடைக்கிறது. இவை குளோரைடை அதிகம் சட்டை செய்வதில்லை. இறால் குட்டையில் போடும் ஆன்டிபயாடிக் போன்ற, எலக்ட்ரான் நிறைந்த மூலக்கூறுகளைத் தேடிப்போய் உடைக்கின்றன. புளோரின் கவசத்தை இவையும் தொடாது. கோபால்ட், செம்பு வைத்துச் செய்த வினையூக்கிகள் இன்னும் வேகம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து இறங்கும். பவளத்தின் குஞ்சுப் பருவத்துக்குச் செம்பு விஷம். 21 தீவுகளும் 117 வகைப் பவளமும் கொண்ட வளைகுடாவின் வாசலில் அதை ஓடவிட எனக்கு மனசு வராது.

இதை ஒருநாள் பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்கா ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மரிக்கொழுந்துப் பாசியைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “ஏன் சார், இம்புட்டு படிச்சவுக, அந்தப் பொடியக் கொண்டாந்து கடல்ல கொட்டிவிட்ர வேண்டியதுதானே?” என்றார். கடல் பெரிசு, பொடி பத்தாதுக்கா என்றேன். “பத்தாதுங்கறது இருக்கட்டும். பாசியில ஒட்டுமா ஒட்டாதா, அதச் சொல்லுங்க.” ஒட்டும். நானோ துகள்கள் திரண்டு படியும் இடம் அவர் மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கும் பாறைதான். என்னிடம் பதில் இல்லை, அவர் பாசியைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

எனவே கடலுக்குள் போன பிறகு துரத்துவது வீண். எங்கே மறிப்பது? ஆர்.ஓ. கழிவில் வைக்கலாம், மாசு அங்கே செறிவாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். செறிவாக இருக்கும்தான், உப்பும் அதே அளவு செறிவாக இருக்கும். பூனையும் பாலும் ஒரே அறையில். இந்தக் கரையில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் வரைக்கும் குழாயில் வருவது திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த கூட்டுக் குடிநீர். அது ஆஸ்பத்திரி, விடுதி, வீடு, சலவைக்கடை எல்லாம் புகுந்து மாசை ஏற்றிக்கொண்டு சாக்கடையாக வெளியே வரும்போதும் இன்னும் பெரும்பாலும் நன்னீர்தான். கடற்கரை மணலைத் தொடும்வரை அதில் கடல் உப்பு இல்லை. வினையூக்கிக்கு இந்தக் கரையில் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் அந்தச் சில நூறு மீட்டர்தான். கலந்த பிறகு செலவு எத்தனை மடங்கு என்று சொல்லவே வேண்டாம்.

நன்னீராகக் கிடைக்காத இடத்தில், இறால் குட்டை மாதிரி, என் அக்கா மகள் வேறு வழி சொன்னாள்: பிடிப்பது தனி, உடைப்பது தனி. கரிக்கு உப்பு பகையில்லை. தண்ணீரில் கரைய விரும்பாத மாசுகள் உப்பு கூடக் கூட இன்னும் ஆசையாகக் கரியில் போய் ஒட்டும். எனவே உப்புத் தண்ணீரில் கரியை விட்டு மாசைப் பிடித்து, கரியை வெளியே எடுத்து, உப்புப் போக நன்னீரில் அலசி, அதன் பிறகு சின்னத் தொட்டியில் வினையூக்கியிடம் ஒப்படைப்பது. குளத்தையே சுத்தம் செய்வதற்குப் பதிலாக ஒரு வாளிக் கரியைச் சுத்தம் செய்தால் போதும். இரும்பு ஏற்றிய கரி என்றால் பிடிப்பதும் உடைப்பதும் ஒரே பொருள். இதை உலகில் பல இடங்களில் முயல்கிறார்கள். கரிமூட்டம் போடும் ஊரில் நாங்களும் முயன்றால் என்ன?

நான்காவது பாட்டில் அப்படி வந்தது. கமுதிப் பக்கம் வாங்கிய சீமைக்கருவேலக் கரியை அம்மியில் நுணுக்கி, துணியில் சலித்து, மண்டபத்துக் கடல்தண்ணீரில் சாயத்தோடு போட்டுக் குலுக்கினோம். சிறிது நேரத்திலேயே நீலம் இறங்கத் தொடங்கி, சாயங்காலம் தண்ணீர் தெளிந்துவிட்டது. கரியை வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை அலசி, பொடியோடு சேர்த்து ஒரு வாரம் ஆடி வெயிலில் வைத்தாள். கரி கறுப்பு. உள்ளே நீலம் உடைந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. மொத்தக் கரிமக் கார்பன் அளக்கும் கருவி எங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது? கடைசியில் கரியில் ஒரு கரண்டி எடுத்து ஸ்பிரிட்டில் போட்டுக் குலுக்கினாள். ஒட்டியிருக்கும் சாயம் மிச்சமிருந்தால் ஸ்பிரிட்டுக்கு இறங்கும்.

வடிதாள் வழியாகச் சொட்டியது வெளிர் நீலம்.

“எவ்வளவு மாமா இருக்கும்?” என்றாள். வெயிலில் வைக்காத கரியையும் அதே மாதிரி அலசிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கு இன்னொரு பாட்டில் கழுவ வேண்டியிருந்தது.